தண்ணீர் ஏறும்போது நாயை எங்கே கொண்டு போவது?

கிள்ளான் – 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை இரவு. எங்கள் தாமானில் வாசற்படி வரை நின்ற தண்ணீர் அரை மணி நேரத்தில் முழங்காலுக்கு ஏறிவிட்டது. அப்பா கேஸ் தோங்கை மேசை மேல் தூக்கி வைத்தார். அம்மா எல்லாருடைய அடையாளக் கார்டையும் பாட்டியின் மருந்தையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். தம்பி மோட்டாரை மேட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்தான். சாமி படம், வீட்டுப் பத்திரம், என் மடிக்கணினி எல்லாம் மேலே போயின.

மணியை யாரும் நினைக்கவில்லை.

பின்பக்கம் சமையலறையை ஒட்டிச் சங்கிலியில் கட்டியிருந்தோம். குரைப்பு நின்று வேறு மாதிரி ஒரு சத்தம் வந்த பிறகுதான் தம்பி ஓடினான். முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. சங்கிலிக் கொக்கி துருப்பிடித்துத் திறக்கவில்லை. காய் வெட்டும் கத்தியால் கழுத்துப் பட்டையை அறுத்துத்தான் வெளியே எடுத்தான். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன்.

கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலை படகில் ஏறி, லோரி மாறி ஒரு துயர் துடைப்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இருந்த தன்னார்வலர் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார், பாட்டிக்கு நாற்காலி போட்டார், பிறகு மணியைப் பார்த்து நாய்க்கு அனுமதி இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட விதி அது. உள்ளே கைக்குழந்தைகள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள், நாயைத் தொட்டால் சமய முறைப்படி சுத்தம் செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா எங்களை உள்ளே அனுப்பிவிட்டு மணியுடன் பக்கத்துக் கடை வரிசையின் அஞ்சடியில் இரண்டு இரவு படுத்தார். அவருக்கு அப்போது வயது 58.

அஞ்சடியில் அவர் மட்டும் இல்லை. பூனைக் கூண்டோடு ஒரு சீன மூதாட்டி, துணிக் கூடையில் நான்கு குட்டிகளோடு ஒரு மலாய் இளைஞர், கிளிக் கூண்டோடு ஒருவர். ஓர் இரவில் அங்கே தனியாக ஒரு துயர் துடைப்பு மையமே உருவாகிவிட்டது. பதிவேடும் போர்வையும்தான் இல்லை.

ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியதாக அதிகாரிகள் சொன்ன அந்த வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, உலு லங்காட், கிள்ளான் வட்டாரங்களும் பகாங்கும் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மனிதர்களே கூரை மேல் இரவெல்லாம் காத்திருந்தபோது நாய், பூனை பற்றிப் பேசுவதா என்று கேட்பவர்கள் உண்டு. செய்தி அறையிலும் கேட்டார்கள். அதற்குப் பதில் எளிது. வீட்டைவிட்டு வர மறுக்கும் பலர் வளர்ப்புப் பிராணியால்தான் மறுக்கிறார்கள். வந்த பிறகு திரும்பிப் போகிறவர்களும் அதனால்தான் போகிறார்கள். அப்படித் திரும்பியவரைத் தேடி இன்னொரு முறை படகு போக வேண்டியிருக்கிறது. பிராணியை முதல் முறையே ஏற்றியிருந்தால் அந்தப் படகு வேறொரு கூரைக்குப் போயிருக்கும்.

இதை அமெரிக்கா பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நாயை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அடுத்த ஆண்டே, மத்திய அரசின் பேரிடர் நிதி வேண்டும் என்றால் மாநிலங்களின் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஜப்பான் 2011 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு 2013இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் நமக்குப் பொருந்தும் ஒரு தெளிவு இருக்கிறது. பிராணியோடு சேர்ந்து வெளியேறுவது வேறு, மையத்துக்குள் ஒரே கூடத்தில் சேர்ந்து தங்குவது வேறு. முதலாவதை எல்லாரும் செய்ய வேண்டும். இரண்டாவது இடத்தைப் பொறுத்தது.

இங்கே நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. நாயை மண்டபத்துக்குள் விடுங்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மண்டபத்துக்கு வெளியே, மழை படாத ஒரு கூடாரம், நான்கைந்து கூண்டு, கட்டிவைக்க ஒரு கம்பி, உரிமையாளர் பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவு போதும். சமய உணர்வுக்கு இடைஞ்சல் இல்லை, ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் தொல்லை இல்லை. பல இனம் வாழும் நாட்டில் இதுதான் நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015 விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பிராணிக்கு ஏற்ற இடம், உணவு, வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை அளிக்கும் பொறுப்பை அது உரிமையாளர் தலையில் வைக்கிறது. கொடுமைக் குற்றத்துக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, பொறுப்பு நம்முடையது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வெள்ளத்தில் வெளியே வரும்போது, அதை இறக்கி வைக்க இடம் எது? காலநிலை அறிவிப்பது மெட்மலேசியா, மையத்தை நடத்துவது சமூக நலத் துறை, மொத்தத்தையும் ஒருங்கிணைப்பது நட்மா, விலங்குகளுக்குப் பொறுப்பு கால்நடைச் சேவைத் துறை, தெருநாயைப் பிடிப்பது ஊராட்சி. ஐந்து பேர் இருக்கிறார்கள். மணி நின்ற வாசலில் ஐவரில் ஒருவரும் இல்லை.

வசதி உள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காரில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கோ, பிராணிகள் தங்கும் விடுதிக்கோ போய்விடுவார்கள். கார் இல்லாதவர், அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர், தோட்டத்தில் ஒரே ஒரு மோட்டாரை நம்பி ஐந்து பேர் இருக்கும் குடும்பம், இவர்களுக்குத்தான் சங்கிலியா படகா என்ற நிலை வருகிறது. உயிரை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்வும் அவர்களுக்குத்தான் மிஞ்சுகிறது.

தோட்டத்தில் ஆபத்து வேறு

வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தோட்டப்புற வாசகர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஆபத்து மழைக்காலத்துக்காகக் காத்திருப்பதில்லை.

செம்பனைத் தோட்டத்தில் எலி பழக்குலையைத் தின்றுவிடும். அதற்காக நிர்வாகம் மரத்தடியில் மெழுகுக் கட்டி போன்ற எலி மருந்தை வைக்கிறது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. நாய் அந்தக் கட்டியைத் தின்றாலும் சரி, மருந்து தின்ற எலியை அடிக்கடி பிடித்துத் தின்றாலும் சரி, அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாலாட்டிக்கொண்டு திரியும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், மூச்சு வாங்கும், சுருண்டு படுக்கும். அதற்குள் "எவனோ விஷம் வைத்துவிட்டான்" என்று பக்கத்து வீட்டோடு சண்டை தொடங்கியிருக்கும். உண்மையில் மாற்று மருந்து இருக்கிறது. வைட்டமின் கே1. மருத்துவர் கணக்குப் பார்த்துச் சில வாரங்களுக்குக் கொடுப்பார். சீக்கிரம் கொண்டு போனால் பிழைத்துக்கொள்ளும் விஷங்களில் இதுவும் ஒன்று. அதற்கு, நாய் எந்த நாளில் எதைத் தின்றது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஆகவே தோட்டத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் காரியத்துக்குச் செலவே இல்லை. எலி மருந்து எந்தப் பகுதியில், எந்த வாரம் வைக்கிறார்கள் என்று மண்டோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரைப் பெட்டியிலிருந்து படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். அந்த வாரம் நாயை அவிழ்த்து விடாதீர்கள். களைக்கொல்லி தெளிக்கும் நாளுக்கும் இதே விதி. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பழைய கலன் எங்காவது கொட்டகை மூலையில் கிடந்தால் அதன் அருகே பிள்ளைகளையும் விடாதீர்கள், நாயையும் விடாதீர்கள். வெறும் கலன்தானே என்று நாய்க்குத் தண்ணீர் வைக்கும் பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னச் செய்தி. நம் நாட்டுத் தோட்டங்களில் எலியைக் குறைக்கக் கூகை வளர்க்கும் முறை பல காலமாக உண்டு. கம்பத்தின் மேல் மரப்பெட்டி கட்டிவைத்தால் கூகை வந்து குடியேறும். கூகை இருந்தால் மருந்து குறையும், மருந்து குறைந்தால் நாய் பிழைக்கும். தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. வீட்டு முகப்பில் கூகை அலறினால் சாவு வரும் என்று பயப்படுகிறவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். எலிக்கு வந்தால் சரி.

பாம்பு அடுத்தது. செம்பனை மட்டைக் குவியலில் எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். கடிபட்ட நாயின் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கடிவாயைக் கீறி ரத்தம் எடுப்பதும், மிளகாயும் சுண்ணாம்பும் பூசுவதும் பயன் தராது, கேடுதான். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புறப்படும்போதே ஒருவர் கிளினிக்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பாம்பு விஷமுறி மருந்து இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். இல்லை என்றால் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும், வழியில் போய்த் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல். பாம்பைத் துரத்திப் பிடித்து அடையாளம் காட்ட வேண்டாம். இரண்டாவது கடி உங்களுக்கு விழும்.

தோட்டத்தின் உண்மையான சிக்கல் தூரம். அரசாங்கக் கால்நடை அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கும், பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். இரவெல்லாம் திறந்திருக்கும் தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றன. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஆனால் தெலுக் இந்தானில் இருப்பவருக்கு அது இன்னோர் உலகம். ராத்திரி 11 மணிக்கு நாய் வலிப்பு வந்து விழும்போது கூகிளில் தேடத் தொடங்கினால் பாதி எண்கள் எடுபடாது. பகலில், சும்மா இருக்கும்போது, மூன்று எண்களைத் தேடி எடுங்கள்: பக்கத்தில் இருப்பது, இரவில் திறப்பது, அரசாங்கத்துடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கூப்பிட்டு, இரவில் வரலாமா, எவ்வளவு முன்பணம் கேட்பீர்கள் என்று விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முன்பணம் சில நூறு ரிங்கிட் கேட்பது வழக்கம். மாதம் பத்து வெள்ளி தனியாகப் போட்டு வைக்கலாம். எங்கள் சந்தில் மூன்று வீடுகள் சேர்ந்து கூட்டுப் பணம் போல் ஒரு டின்னில் போட்டு வருகிறோம். யாருடைய நாய்க்கு முதலில் வருகிறதோ அவர் எடுத்துக்கொண்டு பிறகு நிரப்ப வேண்டும்.

வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று அரை பனடோல் கொடுத்தால் அந்தப் பூனை செத்துவிடக்கூடும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மனிதர் மாத்திரை எதையும் கால் பங்கு, அரைப் பங்கு என்று நாமே அளந்து கொடுக்கக் கூடாது. வெள்ளச் சேற்றைக் கழுவ டெட்டால் கலந்த தண்ணீரில் பூனையைக் குளிப்பாட்டாதீர்கள், அது நக்கி உள்ளே போனால் நஞ்சு. வெறும் தண்ணீரும் லேசான சோப்பும் போதும். எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம் பாட்டிமார் காலத்து வழி. நாய்க்கு அந்த உப்பே விஷமாகும். தேரையைக் கடித்து வாயில் நுரை தள்ளினால் மட்டும் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைக் கழுவிவிடுங்கள், ஈறை ஈரத் துணியால் துடையுங்கள், பிறகு கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களை மறக்கவில்லை. கோலசிலாங்கூர் பக்கத் தோட்டம் ஒன்றில் என் பாட்டி இரண்டு பசு வைத்திருந்தார். ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்த ஒரு வருடம் எல்லாரும் லோரியில் ஏறிய பிறகும் பாட்டி ஏறவில்லையாம். தாத்தா திட்டியதற்கு, பால் கொடுத்து உன் பிள்ளைகளைப் படிக்க வைத்தது நீயா அதுவா என்று கேட்டாராம். இந்தக் கதையை எங்கள் வீட்டில் சிரிப்புக்காகச் சொல்வார்கள். எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. பாட்டி செய்த ஒரு காரியம் மட்டும் சரியானது. கட்டை அவிழ்த்து, கழுத்துக் கயிற்றையும் எடுத்துவிட்டு, மேட்டுப் பக்கம் ஓட்டிவிட்டார். மாடு நீந்தும். கட்டியிருந்தால் சாகும். நாய்க்கும் ஆட்டுக்கும் கோழிக் கூண்டுக்கும் இதுவே. எந்த வழியும் இல்லாமல் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால், கட்டி வைத்துவிட்டோ பூட்டிவிட்டோ போகாதீர்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படி. நீர்ப்பாசன வடிகால் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் உங்கள் ஊர் ஆற்றின் மட்டம் வழக்கம், கவனம், எச்சரிக்கை, அபாயம் என்ற நிலைகளில் தெரியும். மனிதருக்குச் சிவப்பு என்றால் பிராணிக்கு ஆரஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பூனை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியிலோ கூரை இடுக்கிலோ புகுந்துகொள்ளும், தண்ணீர் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஆரஞ்சு அறிவிப்பு வந்ததும் ஓர் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

கூண்டு வாங்கக் காசு இல்லை என்றால் துணி போடும் பிளாஸ்டிக் கூடை இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து ராஃபியா கயிற்றால் கட்டினால் பூனைக் கூண்டு தயார். மோட்டாரிலும் வைக்கலாம். அதுவும் இல்லாத அவசரத்துக்குத் தலையணை உறை. ஆனால் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கூண்டைப் பார்க்கிற பூனை உங்கள் கையைக் கிழித்துவிடும். இரண்டு வாரம் அதற்குள்ளேயே சோறு வைத்துப் பழக்குங்கள். நாயையும் அப்படித்தான், மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரிலோ காரிலோ ஏற்றி ஒரு சுற்று போய் வாருங்கள்.

பை ஒன்று கதவருகே தொங்கட்டும். ஒரு வாரத்துக்கு உலர் உணவு, அது வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, குடிதண்ணீர், பழைய துண்டு, உபரியாக ஒரு கயிறு. தடுப்பூசி அட்டை நனைந்தால் போச்சு, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். அதோடு நீங்களும் உங்கள் பிராணியும் சேர்ந்து நிற்கும் ஒரு படம். இது சும்மா அழகுக்கு இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு காப்பகத்தில் இருபது பழுப்பு நாய் நிற்கும், உங்களுடையது எது என்று காட்ட அந்தப் படம்தான் சாட்சி. வாயில்லா ஜீவன் என்று சொல்கிறோமே, அதற்கு வாய் அதன் கழுத்துப் பட்டைதான். பட்டையில் அழியாத மையில் தொலைபேசி எண். ஊராட்சியின் நாய் உரிமத் தகடு இருந்தால் அதுவும். ஓடிப்போன நாயை நகராண்மைக் கழகத்தின் வண்டி பிடித்தால், தகடு உள்ளது வீட்டு நாய், இல்லாதது தெருநாய். உரிமம் எடுக்காமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம், நாங்களும் 2021 வரை எடுக்கவில்லை.

தடுப்பூசியை வெள்ளத்தோடு சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி உண்டு. வெறிநாய்க்கடி நோயும் கதையில் வருவது அல்ல. 2012இல் நோயற்ற நாடு என்று பெயர் வாங்கிய மலேசியாவில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் தொடங்கியதில் மனித உயிர்களும் போயின. தடுப்பூசி அட்டை இல்லாத நாயை எந்த மையமும் ஏற்கத் தயங்குவது நியாயம்தான்.

வெள்ளம் மட்டும் இல்லை என்பதை 2025 ஏப்ரல் 1 காட்டியது. ஹரிராயாவின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பிடித்தபோது மக்களுக்குக் கிடைத்தது நிமிடங்கள்தான். ஆரஞ்சு, சிவப்பு என்று எந்த அறிவிப்பும் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கொக்கி ஒரே இழுப்பில் திறக்கிறதா, கூண்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நெருப்பு, புகை சூழ்ந்த வீட்டுக்குள் பிராணியைத் தேடித் திரும்பிப் போகாதீர்கள். தீயணைப்பு மீட்புப் படையிடம் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தீபாவளி வெடியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பருவமழைக்குச் சற்று முன்னால் வருவதால், அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்கள் மழைக்காலம் முழுக்கத் தெருவில் நிற்கின்றன. நாயை வீட்டுக்குள் விட்டு, வானொலியைச் சத்தமாக வைத்தால் போதும். வெடியைக் குறையுங்கள் என்று சொன்னால் என்னை யாரும் மதிக்கப் போவதில்லை.

இனி, கேட்க வேண்டிய இடம். ஒவ்வொரு மாவட்டத்திலும் பருவமழைக்கு முன் துயர் துடைப்பு மையங்களின் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எந்த மையத்தின் வெளிப்புறத்தில் பிராணிகளுக்கு இடம் உண்டு என்று ஒரு கூடுதல் கட்டம் சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். அதை ருக்குன் தெத்தாங்கா வழியாகவும், இந்திய சமூகத் தலைவர் வழியாகவும், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையம் வழியாகவும் கேட்கலாம். நம் கோயில்களுக்கும் ஒரு கேள்வி. திருவிழாவுக்குப் போடும் கூடாரம், அன்னதானக் கூடம், மேட்டுப் பாங்கான வளாகம் பல கோயில்களில் இருக்கின்றன. வெள்ள நேரத்தில் மனிதர்களுக்குச் சோறு போடும் கோயில்கள் பல உண்டு. மதிலுக்கு வெளியே, வாகனம் நிறுத்தும் கொட்டகையில், இரண்டு மூன்று நாள் நாய், பூனைக்கு இடம் தர முடியுமா? எல்லா நிர்வாகமும் ஒப்புக்கொள்ளாது, சுத்தம் குறித்த அவர்களின் கவலையும் உண்மையானது. ஒரு தாமானில் ஒரு கோயில் சரி என்று சொன்னாலே அஞ்சடியில் படுப்பவர்கள் குறைவார்கள்.

இந்தக் கட்டுரைக்காக எங்கள் பகுதி அதிகாரி ஒருவரிடம் கேட்டபோது, இடம் ஒதுக்குவதைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் உங்கள் தாமானில் எத்தனை நாய், எத்தனை பூனை என்று தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை அப்பாவும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எங்கள் சந்தில் 14 வீடு. ஒன்பது நாய், ஆறு பூனை, ஒரு வீட்டில் இரண்டு கிளி. ஒன்பது நாயில் உரிமத் தகடு இருப்பது மூன்றுக்கு. இரண்டு வீட்டில் சங்கிலிக் கொக்கி துருப்பிடித்திருந்தது, அப்பா அங்கேயே எண்ணெய் போட்டுத் திறந்து காட்டினார். அடுத்த சந்து வரும் சனிக்கிழமை.